கண்டி மாநகரின் நீர்வழியும் கணினித் தேசப்படமும்

நமது கல்லூரியில் நான் பயின்ற காலத்தில் பூமிசாத்திர ஆசிரியர் எங்களுக்குச் சமவுயரக் கோடுகளைக் கற்பித்தார். கீரிமலை என்ற பெயரிலன்றி வேறெங்கும் மலையைக் கண்டறியாத யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு அப்பாடம் ஒரு கற்பனைக் கலையாகவே இருந்தது. கோடுகள் நெருங்கினால் சரிவு மிகுதி, விலகினால் சரிவு குறைவு, மேட்டை நோக்கி வளைந்தால் அது பள்ளத்தாக்கு என்று மனனஞ் செய்து பரீட்சையில் எழுதினோம். நல்ல புள்ளிகளும் பெற்றோம். அவற்றின் பொருள் என்னவென்பது பேராதனைக்குப் பொறியியல் பயிலச் சென்ற முதலாம் ஆண்டில், ஐப்பசி மழையொன்றில், மலைச்சரிவுப் பாதை ஒன்றிலே குடையும் பயன்படாமல் நனைந்து நின்றபொழுதுதான் எனக்கு விளங்கியது. நான் நின்ற இடத்திற்கு இடப்புறம் விழுந்த மழை ஒரு வாய்க்காலுக்கும், வலப்புறம் விழுந்த மழை வேறொரு வாய்க்காலுக்கும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் இடையே இருந்த மேடு ஒரு முழ அகலந்தானும் இராது.

அந்த ஒரு முழ மேட்டைக் கண்டுபிடிப்பதே இன்று என் தொழிலில் ஒரு பகுதியாகிவிட்டது. மலர்க்குழுவினர், மாணாக்கருக்குப் பயன்படத்தக்கதாகத் தொழில்பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று கேட்டபடியால், நீர்த் திட்டமிடல் வேலைக்குப் பயிற்சிபெற வரும் பல்கலைக்கழக மாணாக்கர் கண்டியிலே என்ன செய்கின்றனர், எவ்வாறு செய்கின்றனர், அதனால் யாருக்கு என்ன பிரயோசனம் என்பவற்றை இங்கு எழுதத் துணிகின்றேன். பொறியியல் மாணாக்கர் தம் படிப்புக்காலத்தில் சில வாரங்கள் வேலைத்தலமொன்றிற் கைத்தொழிற் பயிற்சி பெறவேண்டும் என்பது நெடுங்கால விதி. நாட்குறிப்பேடொன்றில் அன்றன்று செய்ததை எழுதி மேற்பார்வையாளரிடம் கையொப்பம் பெறவும் வேண்டும். அக்குறிப்பேடுகள் பலவற்றிற் கையொப்பமிட்டவன் என்ற உரிமை மட்டுமே இக்கட்டுரைக்கு எனக்குள்ள தகுதி.

முதலிற் கண்டியின் கிடக்கையை அறிதல் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அந்நகரம் அமைந்துள்ளது. மகாவலி கங்கை பேராதனைப் பக்கமாக வந்து, கெட்டம்பே, கன்னொறுவை, ஹல்லொலுவை, கட்டுகஸ்தோட்டை, பொல்கொல்லை, தென்னக்கும்புரை என மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் நகரைச் சுற்றி வளைந்து செல்கின்றது. பகைவரைத் தடுப்பதற்கு இதனினும் சிறந்த அகழியை எந்த மன்னனும் வெட்டியிருக்க இயலாது. 1638ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் படை இந்த ஆற்றங்கரைக் கன்னொறுவையிலேதான் அழிந்தது. அதே கன்னொறுவை இக்கட்டுரையில் மீண்டும் வரும். அப்பொழுது போர் வேறு வகையானது.

நகரின் நடுவே உள்ள வாவி, கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் வயல்நிலத்தில் அணைகட்டி உண்டாக்கியது. நாயக்க வமிசத்தவனாகிய அவன் 1815இல் பிடிபட்டு, வேலூரிலே சிறையிருந்து, 1832இல் மாண்டான். வாவியைப் பாற்கடல் என்று சிங்களத்தில் அழைப்பர். அப்பாற்கடல் நிரம்பினால் நீர் எங்கே போகும்? அதை ஏற்பதற்கென்றே நகரின் நடுவே ஓடுகின்றது மெத எல. நடுவாய்க்கால் என்பது அப்பெயரின் பொருள். கடைத்தெருக்களின் பின்புறமாகவும், வீடுகளின் சமையலறை ஓரமாகவும், வீதிகளுக்குக் கீழாகவும் நுழைந்து சென்று, கெட்டம்பேக்கு அருகே அது மகாவலியிற் கலக்கின்றது.

மெத எலவை இன்று காண்பவர் எவரும் அதனைப் பாற்கடலின் பிள்ளையென்று நம்பமாட்டார். மழைநீரைக் கொண்டுசெல்ல இருந்த வாய்க்கால் நெடுங்காலமாகக் குளியலறை நீரையும் உணவகக் கழிவையும் மலக்குழிகளின் கசிவையும் சேர்த்தே சுமந்து வந்துள்ளது. வாவியும் தப்பவில்லை. 1999ஆம் ஆண்டு மே மாதத்தில் நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி அதிற் பெருகியது. பாசிக்கு வேண்டிய உரத்தைச் சுற்றியிருந்த நகரமே ஊட்டிவந்தது.

இங்கேதான் நமது கவனத்துக்குரிய செய்தி உள்ளது. மெத எல கலக்கும் இடத்துக்குக் கீழே, ஆற்றின் போக்கிலே, கட்டுகஸ்தோட்டை இருக்கின்றது. பாரிய கண்டி நீர்வழங்கல் திட்டத்தின் நீர் அங்குதான் ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டு, குழாய்கள் வழியாக வீடுகளுக்கு வருகின்றது. 2007 முதல் அது இயங்கிவருகின்றது. நகரின் குப்பை நெடுங்காலம் குவிக்கப்பட்டுவந்த கொஹாகொடையும் அந்த ஆற்றங்கரையை அண்டியதே. ஆகவே காலையில் ஒருவர் கழுவிவிட்ட நீர் சிலமணி நேரத்தின் பின் வேறொருவரின் குடிநீர் எடுக்கும் வாயிலைக் கடக்கின்றது. அங்கும் நில்லாமல், 1976 முதல் பொல்கொல்லை அணையில் திருப்பப்பட்டு, மலைக்குள் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவளை மின்னிலையத்துக்கும், அங்கிருந்து அம்பன் கங்கைக்கும், வடமத்திய மாகாணத்து வயல்களுக்கும் ஒரு பங்கு செல்கின்றது. மலைநகரத்து மலக்குழியொன்று அநுராதபுரத்துக் கமக்காரனுக்கும் உறவாகிவிட்டது எனலாம்.

இந்நிலையை மாற்றவே கண்டி நகரக் கழிவுநீர் முகாமைத்துவத் திட்டம் வகுக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் யப்பானியக் கடனுதவிக்கான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை அதனை நிறைவேற்றும் பொறுப்பை ஏற்றது. நகரின் மையப் பகுதிகளில் நிலத்தின் கீழே குழாய்கள் பதிக்கப்பட்டு, கழிவுநீர் ஆற்றைக் கடந்து கன்னொறுவையிலுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்படுகின்றது. நாளொன்றுக்கு 14,000 கன மீற்றர் அளவினை ஏற்குமாறு அது வகுக்கப்பட்டுள்ளது. ஒட்சியேற்ற வாய்க்கால் என்பது அங்கு கையாளப்படும் முறை. குதிரைப் பந்தயத் திடல்போலத் தொடக்கமும் முடிவுமில்லாத ஒரு வாய்க்காலிலே கழிவுநீர் சுற்றிச் சுற்றி ஓடும், காற்று ஊட்டப்படும், பற்றீரியா அழுக்கை உண்டு கொழுத்து வண்டலாக அடியிற் படியும், மேலே தெளிந்த நீர் ஆற்றுக்குத் திரும்பும். 1954இல் ஒல்லாந்திலே பஸ்வீர் என்பார் ஒரு சிற்றூருக்கென முதன்முதலில் அமைத்த எளிய முறையே இது.

ஆயினும் குழாய் எல்லா வீட்டுக்கும் போய்விடவில்லை. எந்த ஒழுங்கை இக்குழாயில் சேரும், எந்த ஒழுங்கை இன்னும் குழியோடு காத்திருக்கும், எங்கே நீரை மேலேற்றப் பம்பு வேண்டும் என்ற தீர்மானங்கள் அடுத்தடுத்த கட்டங்களுக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. நிலத்தின் சாய்வை அறியாமல் இத்தீர்மானம் எதையும் எடுக்க முடியாது. கழிவுநீர்க் குழாய் குடிநீர்க் குழாயைப் போன்றதன்று. குடிநீர் அழுத்தத்தினால் மேட்டுக்கும் ஏறும். கழிவுநீரோ தன் பாரத்தினாலே தானே இறங்கவேண்டும். மிக மெதுவாக ஓடினால் திண்மம் அடியில் தங்கிக் குழாய் அடைபடும். விநாடிக்கு ஏறத்தாழ 0.6 மீற்றர் வேகமேனும் இருத்தல் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஆதலின் மழைநீர் இயற்கையாக எவ்வழியே இறங்குகின்றதோ அவ்வழியே குழாயும் இறங்குவது சிக்கனம். நீரேந்து பரப்பின் எல்லையே பெரும்பாலும் குழாய் வலயத்தின் எல்லையுமாகும்.

இவ்வெல்லையை முன்னாளில் தேசப்படத்தின்மேல் மெல்லிய கடதாசி விரித்து, கூர்மையான பென்சிலால் சமவுயரக் கோடுகளைச் செங்குத்தாக வெட்டி வெட்டி வரைவோம். ஒரு சிறு ஓடைக்கு அரை நாள் செல்லும். இப்பொழுது பயிலுநர் கணினியில் அதனைச் சில நிமிடங்களிற் செய்கின்றனர். புவியியல் தகவல் முறைமை என்று பெயர்பெற்ற இக்கலை 1960களில் கனடாவிலே, நாட்டின் நிலவளத்தைக் கணக்கெடுக்கும் முயற்சியில், றொஜர் தொம்லின்சன் என்பாரின் தலைமையில் உருப்பெற்றது. இன்று கியூஜிஸ் என்னும் மென்பொருளை எந்த மாணாக்கனும் பணமின்றிப் பெறலாம். 2002இல் தொடங்கி உலகெங்குமுள்ள தொண்டர்கள் வளர்த்துவரும் பொதுச்சொத்து அது.

அதன் தத்துவம் நமது பூமிசாத்திர வகுப்புக்கு அப்பாற்பட்டதன்று. நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உயரம் ஒன்றை எழுதுக. ஒரு கட்டத்தைச் சுற்றி எட்டு அயற்கட்டங்கள் உள. அவற்றுள் எதன் பக்கம் இறக்கம் மிகுதியோ, அப்பக்கமே நீர் போகும் எனக் கொள்க. எல்லாக் கட்டங்களுக்கும் இவ்வாறு அம்புக்குறி இட்டபின், ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் வந்து சேர்கின்றது என்று எண்ணுக. எண் பெருகிய கட்டங்களைத் தொடர்ந்து நோக்கினால் ஓடை தானே தோன்றும்! ஒவ்வொரு கட்டமும் 30 மீற்றர் பக்கமுடையதாயின், 500 கட்டங்கள் சேர்ந்த இடமென்பது 45 ஹெக்டேயர் நிலத்தின் நீர் சேரும் இடம். கையாற் செய்தால் ஆயுட்காலம் போதாது. கணினிக்கோ தேநீர் அருந்தும் நேரம்.

உயரங்களை எங்கே பெறுவது? 2000ஆம் ஆண்டு பெப்புருவரியில் எண்டவர் விண்ணோடம் பதினொரு நாள்கள் பூமியைச் சுற்றி, றேடார் அலைகளால் உலகின் பெரும்பகுதியை அளந்தது. அவ்வளவைகள் 30 மீற்றர்க் கட்டங்களாக இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. பயிலுநர் வந்த முதல் வாரத்தில் மகாவலியின் இந்த வளைவு முழுவதையும் அவற்றைக்கொண்டு வரைந்து, அழகிய நிறந்தீட்டி என் மேசைக்குக் கொண்டுவருவர். அழகில் மயங்காதிருக்கப் பழக்குவது இரண்டாம் வாரத்து வேலை.

ஏனெனில் கட்டம் ஒன்று 30 மீற்றர். மெத எல சிற்சில இடங்களில் ஒரு நல்ல மாணாக்கன் ஓடிவந்து தாண்டக்கூடிய அகலமே உடையது. ஒரு கட்டத்துக்குள் வாய்க்காலும் அதன் இரு கரைகளும் நாலைந்து வீடுகளும் அடங்கிவிடும். அவையெல்லாவற்றுக்கும் கணினி ஒரே உயரத்தைச் சொல்லும். அன்றியும் றேடார் அலை காட்டினுள் நிலத்தைத் தொடுமுன் மரத்தலையிலே பட்டுத் திரும்பிவிடுகின்றது. வாவிக்கு வடக்கே உள்ள உடவத்தைக்கலைக் காடு இக்காரணத்தால் உள்ளதைவிட உயர்ந்த குன்றாகத் தோன்றும். காட்டோரத்து நீர்ப்பிரிமேடு மரங்களின் உயரத்துக்கேற்ப நகர்ந்துவிடும். வாவியோ முற்றிலும் சமதளம். எட்டு அயற்கட்டங்களும் ஒரே உயரமானால் நீர் எப்பக்கம் போகும் என்று கணினிக்குத் தெரியாது. நேர்கோடுகளாக எதையேனும் கீறிவைக்கும். ஆகவே நில அளவைத் திணைக்களத்தின் பெரிய அளவுத்திட்டத் தேசப்படங்களும், தெருத்தெருவாக எடுத்த மட்ட அளவைகளும் இன்றியமையாதன. அத்திணைக்களம் 1800ஆம் ஆண்டில் தோன்றியது. இந்நாட்டில் வேறெந்தத் திணைக்களத்தின் கடதாசியையும்விட அதன் பழைய கடதாசிகளுக்கு நான் மதிப்பளிப்பேன்.

அக்கடதாசிகளைக் கணினியில் ஏற்றும்போது நேர்ந்த ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இலங்கைத் தேசப்படத்தின் ஆயமுறைக்குப் பிதுருதலாகலை மலையே ஆதாரம். அம்மலைக்குப் பழைய முறையில் கிழக்கு 200,000 மீற்றர், வடக்கு 200,000 மீற்றர் என்று எண் கொடுத்திருந்தனர். 1999ஆம் ஆண்டின் புதிய முறையில் அவை 500,000 ஆக மாற்றப்பட்டன. காரணம் நல்லதே: இரு முறைகளும் ஒன்றோடொன்று மயங்காதிருக்க வேண்டும். ஆனால் எண்ணைப் பாராமல் ஏற்றுபவனை எந்த முறையுங் காப்பாற்றாது. மிகக் கெட்டிக்காரனான ஒரு பயிலுநன், பழைய எண்களைப் புதிய முறையென்று அறிவித்துவிட்டான். மறுகணம் கண்டி மாநகரம், வாவியும் சந்தையும் புகைவண்டி நிலையமுமாக, முந்நூறு கிலோமீற்றர் மேற்கும் முந்நூறு கிலோமீற்றர் தெற்கும் நகர்ந்து, இந்து சமுத்திரத்தின் நடுவே போய் மிதந்தது. "சேர், கழிவுநீர்ப் பிரச்சினை தீர்ந்தது, நேரே கடலுக்கு விடலாம்" என்றான் அவனுடைய நண்பன். அன்றைய நாட்குறிப்பேட்டில் இருவரும் அதனை ஒளிக்காமல் எழுதியிருந்தனர், மகிழ்ச்சியோடு கையொப்பமிட்டேன். முந்நூறு கிலோமீற்றர்ப் பிழை கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழையே அஞ்சத்தக்கது.

அத்தகைய பிழையொன்றை நானே செய்தேன். மெத எலவோடு சேரும் கிளைவாய்க்கால் ஒன்றின் நீரேந்து பரப்பை வரையும்படி இரு பயிலுநரை விட்டிருந்தேன். கணினி காட்டிய எல்லை ஒரு வீதியின் வழியே சென்றது. வீதி சற்று மேடாக இருந்தது. ஆகவே வீதிக்கு அப்பால் உள்ள நாற்பதுக்கு மேற்பட்ட சிறு வீடுகள் வேறொரு பள்ளத்தைச் சேர்ந்தனவாக ஒதுங்கின. எல்லை தெளிவாக இருந்தது, எனக்கும் அவசரம், சரியென்று குறித்துவிட்டேன். அக்குறிப்பின் பொருள், அவ்வீடுகள் இக்கிளைக்கெனத் தயாரிக்கும் குழாய்ப் பட்டியலிற் சேரா என்பதே. எவரும் வேண்டுமென்று அவர்களை விலக்கவில்லை. ஒரு கோடு விலக்கிற்று.

பயிலுநரில் ஒருத்தி, மலைநாட்டுப் பிள்ளை, அதனைச் சென்று பார்த்தாலன்றி நாட்குறிப்பேட்டில் எழுதமாட்டேன் என்றாள். மழைக்கால்சட்டையும் அளவு நாடாவுமாக மறுநாள் நால்வர் போனோம். வீட்டுவாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவரிடம், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுமென்று கேட்டோம். அவர் எழுந்து வந்து, வீதியோரத்துப் புல்லை விலக்கிக் காட்டினார். "ரோட்டுக்கு அந்தப் பக்கம் எப்படித் தம்பி போகும்? இந்த ஓட்டைக்குள்ள புகுந்து கீழால இங்கதான் வரும். பெரிய மழைக்கு எங்க வீட்டுக்குள்ளயும் வரும்" என்றார். புல்லின் கீழே கருங்கல்லிற் கட்டிய பழைய மதகு ஒன்று இருந்தது. இரண்டடி உயரம் இருக்கலாம். எந்தத் தேசப்படத்திலும் அது இல்லை. விண்ணிலிருந்து பார்த்த றேடாருக்கு அது தெரிய நியாயமுமில்லை. அதன் வழியே அந்த நாற்பது வீடுகளின் மழைநீரும், அதனோடு சேர்ந்து அவர்களின் குழிகள் கக்கியவையும், நாம் வரைந்துகொண்டிருந்த கிளைவாய்க்காலுக்கே வந்துகொண்டிருந்தன.

மதகின் இருபுறத்து மட்டத்தையும் அளந்தோம். கணினியில் அந்த இடத்துக் கட்டங்களின் உயரத்தைத் தாழ்த்தி, வீதியை அறுத்துவிட்டோம்; தேசப்படத்தை எரித்தல் என்று தொழிலிலே இதற்குப் பெயர். எல்லை மறுபடி வரையப்பட்டது. வீடுகள் உள்ளே வந்தன. அப்பெண் அன்றைய குறிப்பேட்டில் ஒரு பக்கம் முழுவதும் மதகின் படத்தை வரைந்திருந்தாள்.

உள்ளே வந்ததால் மாறுவது என்ன என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 140 லீற்றர் நீர் செலவு என்றும், அதில் நூற்றுக்கு எண்பது கழிவாகத் திரும்பும் என்றும் கொண்டால், இருநூறு பேருக்கு ஏறத்தாழ 22 கன மீற்றர். குழாய்க்கு இது பெரிய சுமையன்று. ஒரு சாதாரண குழாயின் விட்டத்தைக்கூட இது மாற்றாது. அவ்வளவு சிறிய தொகைக்காக அவர்கள் வெளியே நின்றிருப்பார்கள் என்பதே எனக்கு உறுத்தலாக இருக்கின்றது. மழைநீரோ வேறு கணக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அயர்லாந்துப் பொறியியலாளர் மல்வேனி காட்டிய வழியில், 40 ஹெக்டேயர் நிலத்தில் மணிக்கு 60 மில்லிமீற்றர் மழை பெய்து, அதில் பத்தில் ஆறு பங்கு ஓடிவருமாயின், விநாடிக்கு 4 கன மீற்றர் நீர் வாய்க்காலுக்கு வரும். இருநூறு பேரின் ஒரு நாட் கழிவு, இம்மழை ஆறு விநாடிக்குள் கொண்டுவரும் நீருக்கும் குறைவு. இதனாலேயே மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் விடாதீர்கள் என்று பொறியியலாளர் ஓயாது மன்றாடுகின்றனர். கூரைத் தண்ணீரைக் களவாகக் குழாயில் இணைத்தால், மழைநாளில் அக்குழாயின் மனிதர் இறங்கும் துவாரங்கள் வீதியிலே பொங்கும்.

வீடுகள் பட்டியலில் ஏறினவேயன்றிக் குழாய் இன்னும் அங்கே வரவில்லை. பணமும் அனுமதியும் வேறு மேசைகளில் இருக்கின்றன. இதைச் சொல்லாமல் மறைத்தால் பயிற்சியின் பயனை மிகைப்படுத்தியவனாவேன்.

கழிவையும் குடிநீரையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் இவ்வழக்கம் கணினிக்கு முந்தியது. 1854இல் இலண்டன் நகரின் சோஹோப் பகுதியில் வாந்திபேதி கண்டு சில நாள்களில் ஐந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டபொழுது, ஜோன் ஸ்னோ என்னும் வைத்தியர் இறந்தோரின் வீடுகளைத் தேசப்படத்திற் குறித்தார். குறிகள் புறோட் வீதியிலிருந்த தண்ணீர்ப் பம்பைச் சுற்றி மொய்த்தன. பம்பின் கைபிடி கழற்றப்பட்டது. நோய் காற்றினால் வருகின்றதென்று நம்பிய பெரியோர் பலர் அதன்பின்னும் அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. அவரும் வீடுவீடாக நடந்தே குறிகளைப் பெற்றார் என்பதைப் பயிலுநருக்கு நான் தவறாமற் சொல்வதுண்டு.

கண்டி மாநகருக்கு வெளியே, அக்குறணைப் பக்கமாக இறங்கிக் கட்டுகஸ்தோட்டையருகே மகாவலியிற் கலக்கும் பிங்கா ஓயாவுக்கும் இதே முறை பொருந்தும். அங்கே வெள்ளம் கடைத்தெருவுக்குள் மீண்டும் மீண்டும் புகுகின்றது. நீர்வழியை நெருக்கிய கட்டடங்களைத் தேசப்படத்திற் குறித்தால் காரணத்தில் ஒரு பகுதி தானே தெரியும். அதைப்பற்றி எழுதப் புகின் இன்னொரு கட்டுரை வேண்டும்.

நம் யாழ்ப்பாணத்துக்கு இதில் என்ன என்று கேட்கும் பழைய மாணவர் இருப்பர். கண்டியில் அழுக்கு கண்முன்னே ஓடுகின்றது; முகத்தைச் சுளிக்கவேனும் முடிகின்றது. நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் துவாரங்களிலும் தேங்கிய மழைநீரே நமது கிணற்றுநீர். அதே சுண்ணக்கல்லில்தான் நமது மலக்குழியும், தோட்டத்துக்கு இட்ட உரமும் இறங்குகின்றன. கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் கூறும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்துள்ளமை பல ஆராய்ச்சிகளிற் கண்ட செய்தி. கைக்குழந்தைகளுக்கு அது தீங்கானது. நிறமில்லை, மணமில்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இருக்கவேண்டுமென்று நம் பெற்றோர் காலத்துச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லிவந்தார்கள். வளவுகள் பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டு, அந்த 50 அடி எத்தனை வளவுகளில் மிஞ்சியிருக்கின்றது? உன் வளவிற் குழி சரியான தூரத்தில் இருக்கலாம். மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி உன் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்பதை யார் அளந்தார்?

சென்ற விடுமுறையில் கல்லூரிக்கு வந்திருந்தபோது உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலருடன் இதைப் பேசினேன். கணினி வாங்க வசதியில்லை, என்ன செய்வது என்று ஒருவன் கேட்டான். கல்லூரிக் கணினி அறையில் உள்ள பழைய இயந்திரமே போதும், மென்பொருளுக்குப் பணமில்லை, முதலில் வேண்டியது அளவு நாடாவும் கொப்பியும் என்றேன். அயலவர் வளவுக்குள் புகுமுன் அனுமதி கேட்கவும், கிணற்றின் பெயரால் எவரையும் பழிசொல்லாதிருக்கவும் சொல்லிக்கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து அவனிடமிருந்து தபாலில் ஒரு தாள் வந்தது. தன் ஒழுங்கையில் பதினாறு கிணறுகளையும் பத்தொன்பது குழிகளையும் அளந்து, கிணறுகளுக்கு நீலமும் குழிகளுக்குச் சிவப்புமாகப் புள்ளியிட்டிருந்தான். அளவுத்திட்டமும் வடக்குக் குறியும் சரியாக இருந்தன. ஐந்து நீலப் புள்ளிகளைச் சுற்றி வட்டமிட்டு, "இவை 50 அடிக்குள், ஐந்தாவது எங்கள் வீட்டுக் கிணறு" என்று ஓரத்தில் எழுதியிருந்தான்.